கம்பிவலைக் கூடா, பலகைக் கூடா? கடற்கரை வளவுக் கோழிகளுக்கு இராக்காவல்

வளவில் நாலு ஊர்க்கோழி வைத்திருப்பவர்களுக்கு இராக்காவல் என்றால் கையில் இருப்பது நான்கு வழிகள்: கம்பிவலைக் கூடு, கால் வைத்த பலகைக் கூடு, மினுங்கும் லைற், நாய். நான் கம்பிவலையில் இருந்து பலகைக்கு மாறியவன். எனவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கோழி காணாமல் போனால் பழி முதலில் ஆந்தை மேல்தான் விழும். பழைய கட்டடங்களில் குடியிருக்கும் கூகை எலி பிடித்துப் பிழைக்கிற பறவை. வளர்ந்த கோழியைத் தூக்கும் பலம் அதற்கில்லை. குளத்தோரத்து மீனாந்தைக்கு மீனும் நண்டும் தவளையும் இருக்கின்றன. காட்டுக்கோழியையே அடிக்கக்கூடிய பெரிய ஆந்தையும் இலங்கையில் உண்டு, சிங்களவர் 'உலமா' என்று பயப்படும் பேய்ப்பறவை இதுதான் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அது காட்டுப் பறவை. வளவுக்குள் ஆந்தைக்கு அகப்படுவது பெரும்பாலும் வெட்டவெளியில் கிடக்கிற குஞ்சும், முருங்கையில் ஏறி அடைகிற இளங்கோழியும்தான். தலைக்கு மேல் கூரை ஒன்று இருந்தால் அந்தக் கதை முடிந்தது.

ஆபத்தானவர்கள் வேறு ஆட்கள். மரநாய் ஏறி வரும், பெருச்சாளி தோண்டி வரும், சாரையும் வெங்கிணாந்தி என்கிற மலைப்பாம்பும் எந்த இடுக்காலும் வரும். மாரியில் வெள்ளம் ஏறினால் பாம்புகள் மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் ஒதுங்கும். வாவியோரம் இருப்பவர்களுக்கு மீன்பிடிப் பூனையும் உண்டு. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. நஞ்சு வைப்பது, பொறி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

லைற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோலாரில் மினுங்கும் சிவப்பு லைற்றைக் கண்டு மரநாய் போன்றவை புதிதில் வெருளும், பிறகு பழகிவிடும். பாம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாய் நல்ல காவல்தான், நரி வருகிற ஊர்களில் வேறு வழியுமில்லை. ஆனால் சில நாய்களிடம் இருந்தே குஞ்சுகளைக் காக்க வேண்டி வரும்.

ஆக, உண்மையான போட்டி கம்பிவலைக்கும் பலகைக்கும்தான். கம்பிவலை மலிவு, காற்றோட்டம், ஒரு பின்னேரத்தில் கட்டிவிடலாம். கடையில் கோழிவலை என்று கேட்டால் தருகிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும், வெளியே இருப்பதைத் தடுக்காது. ஒரு அங்குலக் கண்ணால் எலியும் சின்னப் பாம்பும் தாராளமாக நுழையும். வலையோடு ஒட்டித் தூங்கும் கோழியின் காலை வெளியில் நின்றே மரநாய் பிடித்து இழுக்கும். அரை அங்குலக் கண் வைத்த வெல்டிங் வலை இந்த இரண்டுக்கும் பதில். விலைதான் கூட.

விலையைக்கூடப் பொறுக்கலாம், துருவைப் பொறுக்க முடியாது. மட்டக்களப்புக் கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற இடத்தில் எந்தக் கம்பிக்கும் ஆயுள் குறைவு. வெட்டின முனையிலும் முறுக்கின இடத்திலும் துத்தநாகப் பூச்சு முதலில் போய்விடும். அடுத்தது மண்ணைத் தொடுகிற கீழ் வரிசை. அங்கே ஈரமும் எச்சமும் சேர்ந்து கம்பியைத் தின்னும். மேலே பார்த்தால் வலை பளபளவென்று இருக்கும். புல்லை விலக்கி விரலால் இழுத்தால் அப்பளம் போல நொறுங்கும். மரநாய் தேடுவதும் அந்தக் கீழ் வரிசையைத்தான். பிளாஸ்டிக் பூசிய வலை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் பூச்சு ஒரு இடத்தில் கீறுப்பட்டால் துரு உள்ளுக்குள்ளே ஓடும், கண்ணுக்கும் தெரியாது. கம்பிவலை எப்போது கைவிட்டது என்பது கோழி போன பிறகுதான் தெரியவரும்.

பலகை அப்படி இல்லை. உக்கினால் நிறம் மாறும், தட்டினால் சத்தம் மாறும், அந்த ஒரு பலகையைக் கழற்றிப் புதிதாக அடித்தால் போதும். என்னுடையது வைரம் பாய்ந்த பனஞ்சலாகையில் கால், மூன்றடி உயரம். வெள்ளத்துக்கும் பெருச்சாளிக்கும் அந்த உயரமே பாதுகாப்பு. நாலு காலிலும் தகரத்தைக் கூம்பாகச் சுற்றி அடித்திருக்கிறது, எலி ஏறாமல். அடித்தளத்தில் சலாகைகளுக்கு இடையே அரை அங்குலம் இடைவெளி, எச்சம் கீழே விழும். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு வெல்டிங் வலை, காற்றுக்காக. கம்பி அங்கே மட்டும்தான், அதுவும் கண்மட்டத்தில். துருப்பிடித்தால் அன்றைக்கே தெரியும், மாற்றவும் சின்னத் துண்டு போதும். மரத்தில் இருந்தோ மதிலில் இருந்தோ தாவ முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டை வைக்க வேண்டும்.

பலகைக்கும் தொல்லை இருக்கிறது. கறையான் வரும்; காலின் அடியில் கழிவு ஒயில் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். இடுக்குகளில் செள்ளுப் பிடிக்கும், பகலில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும். வெயில் நாளில் கூட்டைக் கழுவிக் காயவிடாவிட்டால் கோழி மெலிந்துபோகும். கச்சான் என்கிற வெப்பக்காற்று வீசும் காலத்தில் தகரக் கூரை கொதிக்கும், மேலே கிடுகு போட்டால் தணியும். இந்த வேலைகளில் கம்பிவலை சுகம்தான், மறுக்கவில்லை.

கூடு எதுவானாலும் மைமலில், பொழுதுபடும் நேரத்தில், கதவைச் சாத்த ஒரு ஆள் வேண்டும். கூடு அடித்துத் தந்த ஓடாவி கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கதவு நல்லாத்தான் இருக்கு மனே, பூட்டுறது ஆரு?" வெறும் கொக்கியை மரநாய் தட்டிக் கழற்றிவிடலாம் என்று அவரே கொண்டியும் போட்டு அதற்கு ஒரு மரஆப்பும் செருகித் தந்தார்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காட்டோரமாக இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உப்புக்காற்று குறைவு, வலை கூடுதலாக உழைக்கும். யானை வருகிற வளவில் எந்தக் கூடு என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விடும். கரையோரம் இருந்தால் பலகைதான். ஏற்கெனவே வாங்கிய வலையை எறிய வேண்டாம். பகலில் குஞ்சுகளைக் காகத்துக்கும் பருந்துக்கும் மறைத்து மேயவிட அது நன்றாக உதவும்.