அமாவிஸா, ஆர்ஸ்பாம்டியா? பல டொமைன் ஓடும் மெயில் சர்வருக்கு எது சரி

போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) ஓடும் ஒரே சர்வரில் நாலைந்து விர்ச்சுவல் டொமைன்கள் (சர்வரில் கணக்கு இல்லாமல் மெயில் பெட்டி மட்டும் உள்ள பயனர்களின் டொமைன்கள்) ஓடுகின்றன என்றால், எந்த ஸ்பாம் வடிகட்டி என்பதைவிட ஸ்பாமை எந்தக் கட்டத்தில் நிறுத்தப்போகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அமாவிஸ் (மெயிலை வாங்கிச் சோதனைக்குக் கொடுக்கும் இடைத்தரகர்), ஸ்பாம்அசாசின் (ஸ்பாம் மதிப்பெண் போடுவது) ஜோடி பழைய ஆள். வழக்கமான அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கிக் கியூவில் போட்டு 10024 போர்ட்டில் அமாவிஸிடம் தரும், அது சோதித்து 10025-இல் திருப்பித் தரும். அதாவது "வாங்கிக்கொண்டேன்" என்று எதிர் சர்வரிடம் சொன்ன பிறகுதான் சோதனையே நடக்கிறது. அப்புறம் வேண்டாம் என்று பவுன்ஸ் (மெயில் ஏற்கப்படவில்லை என்ற பதில் மெயில்) அனுப்பினால், ஸ்பாமர் பொய்யாகப் போட்ட முகவரிக்கு, சம்பந்தமே இல்லாத யாருக்கோ போய்ச் சேரும்.

இன்னொரு ஸ்பாம் வடிகட்டியான ஆர்ஸ்பாம்டி மில்டராக (போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கும்போதே கேட்கும் துணை நிரலாக) 11332 போர்ட்டில் உட்கார்ந்து, எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயில் பரிமாறும் முறை) உரையாடல் முடிவதற்குள்ளேயே தீர்ப்பு சொல்லிவிடும். அமைப்பை மாற்றாமல் விட்டால் 15 ஸ்பாம் மதிப்பெண்ணுக்கு நிராகரிப்பு, 6-க்கு ஸ்பாம் என்ற ஹெடர், 4-க்குத் தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும் கிரேலிஸ்ட். சி மொழியில் எழுதியது, பெர்லில் ஓடும் ஜோடியைவிட இலகு. ரெடிஸ் என்ற தரவுத்தளம் மட்டும் கூடவே வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஒரே மெயில் இரண்டு டொமைன்களின் பயனர்களுக்கு ஒன்றாக வந்து, ஒரு டொமைன் கறாராகவும் இன்னொன்று தாராளமாகவும் இருந்தால்? எஸ்எம்டிபியில் மெயில் உடலுக்கு ஒரே பதில்தான், பெறுநர் வாரியாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆர்ஸ்பாம்டியில் டொமைன் வாரியாக அமைப்பு எழுதலாம், ஆனால் இப்படிக் கலந்து வருவதற்குத் தீர்ப்பு ஒன்றே. அமாவிஸ் கையில் மெயில் ஏற்கெனவே இருப்பதால், எஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையில் வைத்த கொள்கையைப் பார்த்து ஆளுக்கு ஒரு முடிவு எடுக்கும்.

ஆனாலும் என் ஓட்டு ஆர்ஸ்பாம்டிக்குத்தான். நிராகரிப்பை எல்லோருக்கும் பொதுவாக உயரத்தில் வைத்துவிட்டு, டொமைனுக்கு டொமைன் மாறுவதை டவ்காட்டின் (மெயில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) சீவ் ஸ்கிரிப்ட்டிடம் (வந்த மெயிலை எங்கே போடுவது என்ற விதிகள்) விடுங்கள், அது பெறுநர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓடும். போஸ்ட்ஃபிக்ஸ் தானே பெட்டியில் போட்டால் சீவ் ஓடாது, எல்எம்டிபி (பெட்டியில் சேர்க்க மெயிலை ஒப்படைக்கும் முறை) வழியாக டவ்காட்டிடம் கொடுக்க வேண்டும். பயனர்கள் தாங்களே சீவ் விதி எழுத மேனேஜ்சீவ் என்ற சேவை, 4190 போர்ட். இந்த இடத்தில் புரோக்மெயில் என்ற பழைய மெயில் வடிகட்டியை இழுக்காதீர்கள், அது சர்வரில் யூனிக்ஸ் கணக்கும் ஹோம் டைரக்டரியும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது.

"எதையும் திருப்பி அனுப்பாதே, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு டொமைன்காரர் மட்டும் அடம்பிடித்தால், அமாவிஸ் இன்னும் தாங்கும்.