மூன்றாண்டுகளில் மாப்பேணிகள் எனக்குக் கொடுத்ததும் எடுத்ததும்

கிளிநொச்சிக்கு அருகே ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் ஏழாண்டுகளாகத் தைக்குவாண்டோ பயிலும் நான், கடந்த மூன்றாண்டுகளாக பேணிகளில் வரும் மா, மாத்திரை போன்ற ஊட்டச்சத்து சப்ளிமென்ட்களையும் பயன்படுத்தி வருகிறேன். போட்டியிடுவது 68 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில்.

முதலில் வாங்கியது கிரியேட்டின் மா. இரண்டு நிமிடச் சுற்று முழுவதும் நாம் உதைத்துக்கொண்டே இருப்பதில்லை. கால் மாற்றி நகர்ந்து, இடைவெளி பார்த்து, ஓரிரு நொடிகளில் பாய்கிறோம். நகர்வுக்கான சக்தியைப் பெரிதும் ஒட்சிசன் தருகிறது. பாய்ச்சலுக்கானதைத் தசையில் உடனடிச் சக்திக்காகச் சேமிக்கப்பட்டுள்ள பொஸ்போகிரியேட்டின் என்ற பொருள் தருகிறது. அந்தச் சேமிப்பைத்தான் கிரியேட்டின் கூட்டுகிறது. ஆறாம் வாரமளவில், மூன்றாம் சுற்றிலும் என் சுழல் உதை தளராமல் எழுந்ததை உணர்ந்தேன். ஆனால், முதல் வாரம் நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் எடுத்ததால் தசையில் நீர் தேங்கி எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. மாவட்டப் போட்டியன்று காலைத் தராசு 68.6 காட்டியது. சாப்பிடாமல், நீர் அருந்தாமல், மழைக்கோட்டு அணிந்து ஓடி எடையைக் குறைத்தேன். களத்தில் கால்கள் ஈயமாகக் கனத்தன, முதற்போட்டியிலேயே தோற்றேன். இப்போது 3 கிராம் மட்டும், அதுவும் போட்டி இல்லாத மாதங்களில்.

கோப்பியிலுள்ள ஊக்கப்பொருளான கபேன் மாத்திரையால் உடல் சுறுசுறுப்படைந்தது உண்மை. ஆயினும் மாலைப் பயிற்சிக்கு முன் எடுத்த நாட்களில் நள்ளிரவு தாண்டியும் உறக்கம் வரவில்லை. அடுத்த நாள் பயிற்சி பாழானது. போட்டிக் காலையில் ஒரு கோப்பை கடுங்கோப்பி எனக்குப் போதும்.

புரத மா (புரோட்டீன் பவுடர்) பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கடும் பயிற்சி செய்பவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதுமானது. எனக்கு அது ஏறத்தாழ 95 முதல் 136 கிராம். ஒரு கரண்டி மாவில் கிடைக்கும் சுமார் 24 கிராம், நம் மண்ணில் விளையும் 100 கிராம் கச்சானிலும் கிடைக்கிறது. கொழுப்புக் கூடுதல் என்பதால் எடை பார்ப்பவர்கள் அளவோடு உண்ண வேண்டும். அவித்த பயறு, இரண்டு முட்டை, குளத்து மீன் என்று சேர்த்த பின், பேணிக்கான செலவு எனக்கு வீணாகவே தோன்றியது. ஒருமுறை கடையொன்றில் வாங்கிய பேணியின் உள்மூடி ஏற்கெனவே கிழிந்து, விளிம்பில் மா கட்டிபட்டிருந்தது. அதை அப்படியே குப்பையில் கொட்டினேன். தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், தெரியாமல் உட்கொண்டாலும் பொறுப்பு வீரருடையதே; போட்டிக்குச் செல்லும் தம்பி தங்கையர் இதை மறக்கவே கூடாது.

பேணிகளைவிட என் ஆட்டத்தை அதிகம் மாற்றியது தண்ணீர். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஒன்றரை மணி நேரம் ஆடியபின் நிறுத்துப் பார்த்தபோது 1.4 கிலோ குறைந்திருந்தது. சீருடையைப் பிழிந்தால் நீர் சொட்டியது. அன்றிலிருந்து பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடையைக் கொப்பியில் குறித்து, இழந்ததை உப்பும் தேசிக்காயும் சீனியும் கலந்த நீரால் இரவுக்குள் ஈடுசெய்கிறேன். கெண்டைக்கால் பிடிப்பு கடைசியாக வந்து எட்டு மாதங்களாகின்றன.