எங்கள் 1964 எம்.ஜி.பி.க்கு வந்த பிறப்புச் சான்றிதழ்

"எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லித்தான் எம்.ஜி.பி. என்ற இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எனக்கு விற்றார்கள். சிவப்பு நிறம், கைப்பிடியை இழுத்துத் திறக்கும் பழைய கதவு, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்). வண்டி ரொம்பப் பிடித்துப்போனதால் அப்போது நான் எதையும் தோண்டிக் கேட்கவில்லை.

வாங்கிய பிறகுதான் ஹெரிடேஜ் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். இங்கிலாந்தில் கெய்டன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இதைத் தருகிறது. எம்.ஜி., டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி போன்ற வண்டிகளின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. சேஸிஸ் நம்பரை வைத்து, நம் வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளில் எப்படி இருந்தது என்று பார்த்து எழுதித் தருவார்கள்.

வந்தது ஒரே ஒரு தாள்தான். ஆனால் அன்று முழுக்க அதைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. தயாரித்த தேதி, எங்கே அனுப்பினார்கள், பாடி நம்பர், இன்ஜின் நம்பர், சாவி நம்பர், சீட் நிறம் எல்லாம் இருந்தன. பெயின்ட் என்ற இடத்தில் 'ஐரிஸ் புளூ' என்று இருந்தது. உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மேலே, ஸ்பிரே எட்டாத மூலையில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலந்த நீலம். அறுபது வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

அப்புறம் இன்ஜின். சான்றிதழில் நம்பர் '18ஜிஏ-யு-எச்' என்று தொடங்குகிறது. 18ஜிஏ என்றால் மூன்று பேரிங் இன்ஜின், அதாவது கிராங்க்ஷாஃப்டை மூன்று பேரிங்குகள் தாங்கும் இன்ஜின்; 1964 ஜூனில் செய்த வண்டிக்கு அதுதான் சரி. ஓவர்டிரைவோடு வந்திருந்தால் 'யு' இருக்கும் இடத்தில் 'ஆர்யு' என்று இருக்க வேண்டும். ஆக, ஓவர்டிரைவ் பின்னால் போட்டது.

இன்ஜின் நம்பர் தகடு பிளாக்கின் வலது பக்கம், ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. கிரீஸும் பெயின்ட்டும் அப்பி எழுத்தே தெரியவில்லை. மெக்கானிக் அண்ணன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்தார். கம்பி பிரஷ் போட்டால் எழுத்து போய்விடும் என்று அவருக்குத் தெரியும். முதலில் 4, அப்புறம் 8, ஜி. "தம்பி, இது கோல்டு சீல் இன்ஜின்" என்றார். பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு, கம்பெனியே புதுப்பித்து மாற்றிக் கொடுத்த இன்ஜினுக்குத்தான் இந்த 48ஜி நம்பர் வரும். வண்டியோடு பிறந்த இன்ஜின் இல்லை என்பதில் வருத்தம்தான். ஆனாலும் கம்பெனி கைபட்ட இன்ஜின் என்பதில் ஒரு நிம்மதி.

இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரும் அப்போதுதான் புரிந்தது. மூன்று பேரிங் வண்டிகளில் அது இன்ஜினிலிருந்து வரும் கேபிளில் ஓடும். 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் இன்ஜின் வந்தபோதுதான் மின்சார மீட்டர் வந்தது. என் மீட்டரின் முகப்பில், கீழே சின்னதாக 'ஆர்விஐ' என்று இருக்கிறது. மின்சார மீட்டரின் அடையாளம் அது. இன்ஜினை மாற்றியவர்கள் மீட்டரையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். இந்தச் சான்றிதழ் பதிவேட்டில் உள்ளதை மட்டும்தான் சொல்லும். உங்கள் வண்டியை யாரும் வந்து பார்ப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, கார்புரேட்டர் நம்பர்களும் அதில் இருக்காது. அவற்றை நாமேதான் படிக்க வேண்டும். லூகாஸ் கம்பெனி செய்த மின்சாமான்களின் உடம்பிலேயே பார்ட் நம்பரும் தேதியும் குத்தியிருக்கும்; அந்தத் தேதி வண்டி செய்த தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் நம்பலாம். எஸ்.யு. கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்தின் மூடி ஸ்க்ரூவுக்கு அடியில் நம்பர் குத்திய ஒரு சின்ன அலுமினியத் தகடு இருக்க வேண்டும். என் வண்டியின் இரண்டு கார்புரேட்டரிலும் அதைக் காணோம். சர்வீஸ் செய்யும்போது கழற்றி எங்கோ போட்டுவிட்டார்கள்.

சாவி நம்பர் மட்டும் அச்சு அசலாகப் பொருந்தியது. அந்தப் பூட்டை இனி யாரும் தொடக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறீர்களா? ஹெரிடேஜ் சான்றிதழ் இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். இருந்தால் பானட்டைத் திறந்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு நம்பராகப் பாருங்கள். நான் இதை வாங்கும் முன்னால் செய்திருக்க வேண்டும். இன்ஜினையும் மீட்டரையும் அப்படியே விட்டுவிடப் போகிறேன், நன்றாக ஓடுகின்றன. அடுத்த வேலை, சிவப்பைச் சுரண்டிவிட்டு ஐரிஸ் புளூ அடிப்பது.