மூத்த தொழிலாளிக்குச் சர்க்கரை மாத்திரை: இ.எஸ்.ஐ.யா, மக்களைத் தேடி மருத்துவமா?

ஐம்பதைக் கடந்து, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து வந்துவிட்ட தொழிலாளர்கள் பலர், ஊதியத்தில் சந்தா பிடித்துச் சிகிச்சை தரும் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ., வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் ஆகிய இந்த இரண்டில் எதை நம்புவது என்று குழம்புகிறார்கள்.

செலவு: இ.எஸ்.ஐ.யில் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவரிடம் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அலைச்சல்: இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு நாமே போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையிலேயே இரத்த அழுத்தம் பார்த்து, ஒரு மாதத்துக்கான மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். மூட்டுவலியோடு வரிசையில் நிற்பவருக்கு இது சிறிய உதவியன்று.

நோய் முற்றினால்: பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். உரிய சந்தா செலுத்தியிருந்தால், இ.எஸ்.ஐ. ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகத் தருகிறது. பட்டியலிலுள்ள நீண்டகால நோய்களுக்கு அது 80 விழுக்காடாக உயர்ந்து இரண்டு ஆண்டுகள் வரை நீளக்கூடும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மருந்து உண்டு, இழந்த கூலிக்கு ஈடு இல்லை.

ஓய்வுக்குப் பின்: ஐந்தாண்டுகளாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், அவருக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை தொடரும்.

இ.எஸ்.ஐ. காப்பீடு இல்லாமல் கட்டட வேலை, வீட்டு வேலை செய்வோருக்கு மக்களைத் தேடி மருத்துவமே பொருத்தம். ஆலைத் தொழிலாளி மாத்திரையை வீட்டில் பெற்றாலும், இ.எஸ்.ஐ. அட்டையை ஒருபோதும் கைவிட வேண்டாம்.