விட்ட பி.காமை அரிசி மில்லில் இருந்தே முடித்தேன்: இரண்டரை வருஷ அனுபவம்

பட்டம் தபாலில் வந்த சங்கதி தெரிந்து போன வாரம் சேரன்மகாதேவி சேக்காளி போன் போட்டான். "ஏலே, நானும் ரெண்டு வருஷம் படிச்சிட்டு விட்டவன்தானே. சேரலாமா, வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லு." ஒத்த வார்த்தையில் அடங்காததால் இதை எழுதுகிறேன்.

2004-இல் பி.காம் சேர்ந்து, இரண்டு வருஷம் முடிந்த கையோடு அப்பா படுக்கையில் விழவும் நிறுத்தினவன் நான். 2008-இல் இருந்து அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி மில்லில் கணக்கு. முன்னே எழுதின பேப்பர்களைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை எழுதினால் போதும் என்று ஒரு பல்கலைக்கழகத்தில் சொன்னதை நம்பி 2022-இல் தொலைநிலையில் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

இந்தக் கழித்துக்கொள்வதுதான் வில்லங்கம். மார்க் லிஸ்ட் மட்டும் போதாதாம். ஒவ்வொரு பேப்பருக்கும் அந்த வருஷத்துச் சிலபஸ் வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் பழைய கல்லூரியின் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். கல்லூரி ஆபீஸில் இருந்த பையன் சிரித்துவிட்டான். "2004 சிலபஸா? அண்ணே, நான் அப்ப அஞ்சாங்கிளாஸு." மூன்று நடை நடந்தேன். மூன்றாம் நடையில் நூலகத்துப் பின்னறையில், சணல் போட்டுக் கட்டின ஒரு கட்டை அட்டெண்டர் அண்ணன் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு தாளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. எந்தத் தாள்? ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங். மூன்றாம் யூனிட்டைக் காணோம், பாடம் ஒத்துப்போகவில்லை என்று அந்தப் பேப்பரையும் அதற்கான கிரெடிட்டையும் (படித்ததற்குத் தருகிற மதிப்புப் புள்ளி) தள்ளிவிட்டார்கள். கரையான் தின்ற கிரெடிட்டுக்கு யாரிடம் போய்ப் பிராது கொடுக்க?

பதினாலு பேப்பரில் ஒன்பதை ஏற்றுக்கொண்டார்கள். நியாயமாகச் சொன்னால் அது பெரிய காரியம்தான். இல்லாவிட்டால் ஒரு வருஷம் கூடுதலாகப் போயிருக்கும். ஆனால் ஏற்றுக்கொண்டது தமிழ், ஆங்கிலம், அந்த வகைப் பேப்பர்கள். தள்ளின அஞ்சில் நாலு கணக்குப் பேப்பர்.

கணக்குதான் என் சோலியே. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. உடனே ஊர் ஊருக்கு 26 கிலோ பை முளைத்ததே, ஞாபகம் இருக்கா? எங்கள் மில்லில் அந்த ஒரு வாரம் இரண்டு பைக்கும் தனித்தனி பில் போட்டுப் பிரித்தவன் நான். எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அதே வருஷம் என் கைக்கு வந்த பாடப் புத்தகத்தில், ஜிஎஸ்டிக்கு முன்னே இருந்த வாட் வரிக்கு முழுசாக ஒரு அத்தியாயம். நாட்டில் ஜிஎஸ்டி வந்தது 2017-இல்.

வேலை அனுபவத்துக்குக் கிரெடிட் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத கதை இல்லை. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகம் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு 40 என்று கணக்கு வைத்து, வேலையில் கற்றதையும் மதிப்பிட்டுச் சேர்க்கலாம் என்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "எங்களுக்குச் சுற்றறிக்கை வரலையே சார்." பதினாலு வருஷத்துக்கு அதுதான் பதில்.

ஆகவே மில்லில் தினமும் கணக்கு ஏற்றுகிற டேலி சாஃப்ட்வேருக்கே பரீட்சை எழுதினேன். பாளையங்கோட்டையில் சென்டர். செங்கோட்டை பாசஞ்சரில் போய் இறங்கி உட்கார்ந்தால், கான்ட்ரா, பேமெண்ட், ரசீது, ஜர்னல் என்ற நாலு வகைப் பதிவுக்கும் உரிய கீ எது என்று ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்குகிற கீ. வாயில் வரவில்லை! விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கடைசியில் டெஸ்கைக் கீபோர்டாக நினைத்து விரலை வைத்துப் பார்த்தேன். எஃப் 4, 5, 6, 7 என்று தன்னால் ஓடியது. சூப்பர்வைசர் அம்மா காப்பி அடிக்கிறேனோ என்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள். மார்க் 54. சோறு போடுகிற தொழிலில் 54. மில்லில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவே ஒரு சந்தோஷம், அதையும் மறைக்கக் கூடாது. தயாரிப்புச் செலவைக் கணக்குப் போடுகிற காஸ்ட் அக்கவுண்டிங்கில் துணைப் பொருள் என்று ஒரு பாடம். ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பை எடைமேடை ரூமில் உட்கார்ந்து கேட்பேன், வெளியே லாரி ஆரன். அந்த மேடம் சர்க்கரை ஆலையையும் கரும்புச் சக்கையையும் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே உமிக் குவியல் தெரிகிறது. நூறு கிலோ நெல்லுக்குச் சுமாராக இருபது கிலோ உமி. தவிட்டை எண்ணெய் ஆலைக்கு விற்கிறோம், குருணைக்கு விலை உண்டு. நம்ம பாய்லரிலேயே எரிகிற உமிக்கு மட்டும் எந்த நோட்டிலும் பைசா கணக்கு இல்லை. பதினாலு வருஷம் நான்தானே அந்த நோட்டை எழுதினேன்! அன்று ராத்திரியே உமிக்கு விலை போட்டு நெல் அவிக்கிற செலவைத் திருப்பி எழுதினேன். மறுநாள் முதலாளி அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தார். "இத எங்க வே படிச்ச?" அந்த ஒரு கேள்விக்குக் கட்டின ஃபீஸ் சரியாப் போச்சு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பரீட்சை தள்ளிப்போனது, அது யார் தப்பும் இல்லை.

சேக்காளிக்கு: சேருவதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் அனுமதி இருக்கா என்று நீயே பார். ஏஜெண்ட் சொல்வதைக் கேட்காதே. கிரெடிட்டை ஆன்லைனில் வரவு வைக்கிற கிரெடிட் வங்கியின் 12 இலக்க நம்பரை முதலிலேயே எடுத்து வை. ஆனால் நம்ம காலத்து மார்க் அதில் ஏறும் என்று கனவு காணாதே. சிலபஸ் கட்டை இப்போதே போய்த் தேடு, கரையான் உனக்காகக் காத்திருக்காது.

போன மாசம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரு என்று சொல்லியிருப்பேன். இன்று கேட்கிறாய், வேண்டாம். ஏன் என்றால் பட்டத்தில் தமிழ்ப் பெயர் வரியில் இனிஷியலை 'ச.' என்று அடித்திருக்கிறார்கள். எங்கப்பா பெயர் சுடலையில் ஆரம்பிக்கும், 'சு.' வரணும். ஒரே ஒரு கீற்று. அதைத் திருத்த என்ன வேண்டும் என்று கேட்டால், பழைய கல்லூரியின் முத்திரையோடு ஒரு தாள். வெள்ளிக்கிழமை போகிறேன். உனக்கும் சிலபஸ் எடுக்கணும் என்றால் ஏழு மணி பாசஞ்சருக்கு வந்துரு.