எந்தப் புவாரோவிலிருந்து ஆரம்பிப்பது?

போன மாதம் அக்கா மகள் போனில் கேட்டாள்: "சித்தி, அகதா கிறிஸ்டி புக் நாலு படிச்சாச்சு. படமா பார்க்கணும்னா எந்தப் புவாரோவைப் பார்க்கிறது?" ஒரு வரியில் பதில் வரும் என்று நினைத்திருப்பாள், பாவம். அரைமணி நேரம் மாட்டிக்கொண்டாள். அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கிறிஸ்டி உருவாக்கிய துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவாகப் பலர் நடித்திருக்கிறார்கள். எனக்குப் போட்டி என்றால் அது மூன்று இங்கிலாந்துக்காரர்களுக்கு நடுவில்தான்: ஆல்பர்ட் ஃபின்னி, பீட்டர் உஸ்தினோவ், டேவிட் சூஷே. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த கென்னத் பிரானாவும் 2017 முதல் மூன்று படங்கள் எடுத்துவிட்டார். அவற்றில் அவரை விட மீசைதான் அதிகம் நடிக்கிறது என்பது என் கட்சி. அவரை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் ஃபின்னி. சால்ஃபோர்டில் பந்தயப் பணம் வாங்கும் தொழில் செய்தவரின் மகன், 1936இல் பிறந்தவர். 'டாம் ஜோன்ஸ்' 1963இல் உலகம் முழுக்க ஓடியது. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சூட்டிலேயே நாலு படத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர் பையைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். அதற்கு முன் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' அவரைத் தேடி வந்தபோதும், பல வருட ஒப்பந்தத்தில் சிக்க மாட்டேன் என்று விலகினார். பிற்காலத்தில் 'சர்' பட்டம் கொடுத்தபோதும் வேண்டாம் என்றார். எதிலும் கட்டுப்படாத ஆள். புவாரோ விஷயத்திலும் அப்படித்தான். 1974இல் சிட்னி லூமெட் இயக்கிய 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' ஒன்றே ஒன்று. அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, எகிப்து வெயிலில் அந்த மேக்கப்பைச் சுமக்க முடியாது என்று கும்பிடு போட்டுவிட்டார்.

அந்த மேக்கப்பும் லேசுப்பட்டதல்ல. அப்போது அவருக்கு வயது 38தான். முகத்தில் ஒட்டு வேலை, உடம்பில் பஞ்சுத் திணிப்பு, எண்ணெய் வழித்த தலைமுடி, தோளுக்குள் புதைந்த கழுத்து. நடிப்பும் அதே அளவில் கெட்டியானது. அவருடைய புவாரோ உறுமுவார், திடீரென்று கத்துவார், சந்தேகப்படுகிறவர் மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோவார். எதிரே இன்கிரிட் பெர்க்மன், ஷான் கானரி, வனெசா ரெட்கிரேவ், ஜான் கீல்குட் என்று பெரிய தலைகள். கடைசியில் எல்லாரையும் ஒரே பெட்டியில் உட்காரவைத்து மூச்சுவிடாமல் பேசுவாரே, அந்தக் காட்சியில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருப்பார்கள். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கிறிஸ்டிக்குப் படம் பிடித்திருந்தது, மீசையில் மட்டும் குறை. தான் எழுதியது இங்கிலாந்திலேயே அழகான மீசை, இது அப்படி இல்லையே என்று.

ஃபின்னியை நான் மெச்சுவேன். ஆனால் அவரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து காபி குடிக்கத் தோன்றுமா என்றால், தோன்றாது. அது ஒரு பிரமாதமான வேஷம், அவ்வளவுதான்.

உஸ்தினோவ் இதற்கு நேரெதிர். அவர் வேஷமே போடவில்லை. பருமனும் உயரமுமாக, தலை கலைந்து, உஸ்தினோவாகவே வந்து நின்றார். ஒத்திகை பார்க்க வந்த கிறிஸ்டியின் மகள் ரோஸலிண்ட், "புவாரோ இப்படி இருக்கமாட்டாரே!" என்றாராம். "இனிமேல் இப்படித்தான்" என்றாராம் உஸ்தினோவ். ஆள் யார் என்பது இந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும். லண்டனில் 1921இல் பிறந்தவர். நடிகர், நாடகாசிரியர், இயக்குநர், நாவலாசிரியர், பல மொழிகளில் மேடையேறி ஜனங்களைச் சிரிக்கவைத்தவர். 'ஸ்பார்ட்டகஸ்', 'டோப்காபி' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். டெல்லியில் 1984 அக்டோபர் 31ஆம் தேதி காலை, இந்திரா காந்தி தன் வீட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது இவருக்குப் பேட்டி கொடுக்கத்தான். கேமராவோடு தோட்டத்தில் காத்திருந்தார். அவர் வந்து சேரவில்லை.

உஸ்தினோவ் புவாரோவாக ஆறு முறை வந்தார். அதில் 'டெத் ஆன் தி நைல்' (1978), 'ஈவில் அண்டர் தி சன்' (1982) இரண்டும்தான் தேறும். நைல் படத்தில் பெட்டி டேவிஸும் மேகி ஸ்மித்தும் ஒருவரை ஒருவர் குத்திப் பேசிக்கொள்வதற்கே காசு கொடுக்கலாம். கப்பல் மேனேஜராக நம் ஐ.எஸ். ஜோஹர் வேறு. இரண்டாவது படத்தில் ஒரு காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. புவாரோ நீச்சல் உடையில், மிகுந்த தோரணையோடு கடலுக்குள் இறங்குகிறார். தண்ணீர் இடுப்பளவைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் முன்னால் நீட்டி நீட்டி விலக்குகிறார். நீந்தியாகிவிட்டது! முகத்தில் சாம்பியன் களை. அப்புறம் கரையேறிவிடுகிறார்.

அதற்குப் பிறகு வந்த மூன்றும் டிவிக்காக எடுத்தவை. கதையை 1980களுக்கு இழுத்துவந்துவிட்டார்கள். 'தர்ட்டீன் அட் டின்னர்' (1985) ஆரம்பத்தில் புவாரோ டேவிட் ஃப்ராஸ்டின் டிவி நிகழ்ச்சியில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் ஒரு காரணத்துக்காக அதைப் பார்த்தே ஆக வேண்டும். அதில் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வருபவர் டேவிட் சூஷே! தன் வாழ்க்கையிலேயே மோசமான நடிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நானும் பார்த்தேன். மறுப்பதற்கில்லை.

சரி, சூஷே. 1946இல் லண்டனில் பிறந்தார். அப்பா மகப்பேறு மருத்துவர். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பல வருடம் மேடையில் ஊறியவர். பென் கிங்ஸ்லி ஒதெல்லோவாக நடித்தபோது இவர்தான் வில்லன் இயாகோ. தெருவில் போனால் யாருக்கும் அடையாளம் தெரியாத, ஆனால் எந்த வேஷம் கொடுத்தாலும் அதில் கரைந்துபோகிற ரகம். டிவி தொடரில் புவாரோ வாய்ப்பு வந்ததும் அண்ணன் ஜான் சூஷேயிடம் யோசனை கேட்டார். டிவியில் செய்தி வாசித்துப் பிரபலமாகியிருந்த அண்ணன், அது ஒரு கோமாளிப் பாத்திரம், கிட்டவே போகாதே என்றார். தம்பி கேட்கவில்லை.

படப்பிடிப்புக்கு முன்னால் ரோஸலிண்ட் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். புவாரோவோடு சேர்ந்து நாங்கள் புன்னகைக்கலாம், புவாரோவைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். உஸ்தினோவிடம் பட்ட அடியில் வந்த எச்சரிக்கை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சூஷே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கதைகளைப் படித்து, புவாரோவின் குணங்களை நம்பர் போட்டு எழுதினார். மொத்தம் 93. தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி போடுவார் என்பதுவரை அதில் உண்டு. தன்னுடைய கனத்த குரலை நெஞ்சிலிருந்து தலைக்கு ஏற்றினார். நடைதான் சிக்கவில்லை. இறுக்கமான பளபள ஷூவில் குட்டிக் குட்டி எட்டு வைத்து வேகமாக நடப்பார் என்று கிறிஸ்டி எழுதியிருக்கிறார். அதை எப்படிக் கொண்டுவருவது? நடிகர் லாரன்ஸ் ஒலிவியே சொன்ன பழைய வித்தை ஞாபகம் வந்தது. பிட்டத்துக்கு நடுவில் ஒரு காசை இடுக்கிக்கொண்டு, கீழே விழாமல் நடக்கப் பழக வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் காசோடு நடந்து நடந்தே அந்த நடை வந்தது. இது தெரிந்த பிறகு அவர் நடப்பதை வேறு மாதிரி பார்க்க முடிவதில்லை, மன்னிக்கவும்.

ஆரம்ப நாள்களில் ஒரு தகராறு. புவாரோ பூங்கா பெஞ்சில் உட்கார வேண்டும். சூஷே கைக்குட்டையை எடுத்து முதலில் பெஞ்சைத் துடைக்கப் போனார். கேலிக்கூத்தாக இருக்கும் என்று இயக்குநர் தடுத்தார். புவாரோ துடைக்காமல் உட்காரமாட்டார் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். தயாரிப்பாளர் வரை பஞ்சாயத்து போய், கடைசியில் கைக்குட்டை ஜெயித்தது. ஃபின்னியோ உஸ்தினோவோ இதற்காகச் சண்டை போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் அந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு ஜோக் சொல்லியிருப்பார்.

இப்படியே 1989 முதல் 2013 வரை 70 எபிசோடு. அலுப்பே இல்லையா என்றால், உண்டு. நண்பர் ஹேஸ்டிங்ஸ், இன்ஸ்பெக்டர் ஜாப், செயலாளர் மிஸ் லெமன் மூவரும் கூட இருந்த ஆரம்ப வருடங்களின் லேசான கலகலப்பு பிற்பாடு வற்றிவிட்டது. 2009இல் வந்த 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்'தில் கதையை அடையாளம் தெரியாமல் மாற்றிவைத்தார்கள். அதே கதையில் உஸ்தினோவ் நடித்த படமும் சுமார்தான், எனவே அந்தச் சுற்று டிரா. ஓரியண்ட் எக்ஸ்பிரஸில்தான் உண்மையான மோதல். 1974 படம் ஷாம்பெய்ன் கிளாஸ்களோடு முடிகிறது. 2010இல் சூஷே கையில் ஜெபமாலையோடு, கண் கலங்க, பனியில் நடந்துபோகிறார். குளிர், இருட்டு, பாவம், மன்னிப்பு என்று படமே கனமாக இருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுதான் என்றால், இந்த ஒரு கதைக்கு மட்டும் ஃபின்னி படத்துக்கு ஓட்டுப் போடுவேன். மற்ற எல்லாவற்றுக்கும் சூஷே. வீட்டில் விருந்தாளிகள் வந்து, பாதிப் பேர் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே படம் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் யோசிக்காமல் உஸ்தினோவ்.

அக்கா மகளுக்கு அந்த நீச்சல் காட்சியை முதலில் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சூஷேயின் மூன்றாவது சீசனில் இருக்கிறாள். 'கர்ட்டனை' இப்பவே பார்த்துடவா என்று நேற்று கேட்டாள். அது புவாரோவின் கடைசிக் கதை. சூஷே உடம்பை இளைக்கவைத்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நடித்தது. மற்ற அறுபத்தொன்பதையும் முடித்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.