ஸ்டீமில் நிரந்தரமாக நீக்கிய கேம் திரும்பக் கிடைக்குமா?

ஸ்டீம் என்பது வால்வ் நிறுவனம் நடத்தும் கணினி கேம் தளம். அதில் உங்கள் கேம்கள் இருக்கும் லைப்ரரியைச் சுத்தம் செய்ய மூன்று வழிகள் உண்டு. அன்இன்ஸ்டால் செய்தால் டிஸ்கில் இடம் காலியாகும், கேம் லைப்ரரியிலேயே இருக்கும். ஹைட் செய்தால் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உரிமம் உங்களிடம்தான். 'ரிமூவ் ஃப்ரம் அக்கவுன்ட்' கொடுத்தால் உரிமமே கணக்கைவிட்டுப் போய்விடும். நிரந்தர நீக்கம் என்பது இந்த மூன்றாவதுதான். பெயரில் நிரந்தரம் இருந்தாலும், காசு கொடுத்து வாங்கிய கேமை பிற்பாடு இலவசமாகவே மீட்டுக்கொள்ள வால்வ் வழி வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் அந்த வழியை எளிதில் கண்ணில் படாத இடத்தில் வைத்திருப்பது பெரிய குறை.

நீக்கும் வேலை சுலபம். லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக், 'மேனேஜ்', அதற்குள் 'ரிமூவ் ஃப்ரம் அக்கவுன்ட்'. ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்தும் இதே இடத்துக்கு வரலாம். அதற்குமுன் கேமை அன்இன்ஸ்டால் செய்துவிடுவது நல்லது. உரிமத்தை நீக்குவதும் டிஸ்கிலுள்ள ஃபைல்களை அழிப்பதும் வேறு வேறு வேலைகள். வரிசை மாறினால் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'காமன்' ஃபோல்டரில் மிச்சம் கிடக்கும் ஃபைல்களை நீங்களே தேடி அழிக்க வேண்டிவரும்.

அடுத்து வரும் உறுதிப்படுத்தும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஸ்டீம் உரிமத்தை கேம் கேமாகப் பார்ப்பதில்லை, பேக்கேஜ் பேக்கேஜாக, அதாவது ஒரே உரிமமாக விற்ற தொகுப்பாகப் பார்க்கிறது. ஒரே பேக்கேஜில் வந்த கேம்களில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. 2007-இல் வந்த 'தி ஆரஞ்சு பாக்ஸ்' நல்ல உதாரணம். அதை வாங்கியவர் 'போர்ட்டல்' மட்டும் வேண்டாம் என்று நீக்கப் போனால், அதே உரிமத்தில் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'-ம் சேர்ந்தே போகும். கூடவே என்னென்ன போகும் என்ற பட்டியலை அந்தப் பக்கம் காட்டும். படிக்காமல் அழுத்துகிறவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். ஆனால் பண்டில் என்ற பெயரில் தள்ளுபடியோடு வாங்கியவை அப்படியில்லை. அதில் ஒவ்வொன்றும் தனி உரிமமாகவே கணக்கில் ஏறும். ஸ்டோர் முகவரியில் 'சப்' என்று இருந்தால் பேக்கேஜ், 'பண்டில்' என்று இருந்தால் பண்டில். எது எப்படி வந்தது என்று மறந்துபோயிருந்தால், 'அக்கவுன்ட் டீடெய்ல்ஸ்' பக்கத்திலிருந்து உரிமங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்தத் தேதியில், எந்தப் பெயரில் உரிமம் ஏறியது என்று அதில் இருக்கும். தனியாக வாங்கிய டிஎல்சி (கேமுக்கான கூடுதல் பகுதி) தனி வரியாகத் தெரியும்.

நீக்குவதும் ரீஃபண்டும் வேறு வேறு. நீக்கினால் ஒரு பைசாகூடத் திரும்பாது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் முதலில் ரீஃபண்டு கேளுங்கள். ரீஃபண்டு வாங்கிய கேமுக்கு இந்த மீட்பு வழி கிடையாது, மறுபடி விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதேபோல, கீ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) போட்டு ஏற்றிய கேமை நீக்கிவிட்டு அந்தக் கீயை நண்பருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்திய கீ இன்னொரு கணக்கில் ஏறாது.

விளையாட்டில் எதுவரை வந்தீர்கள் என்பதைப் பதிந்துவைக்கும் சேவ் ஃபைல்கள் தனி விவகாரம். அவற்றை இணையத்தில் சேமித்துவைக்கும் ஸ்டீம் கிளவுட் வசதி எல்லாக் கேம்களிலும் இல்லை. சில கேம்கள் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரிலும், சில 'ஆப்டேட்டா'விலும், சில ஸ்டீமின் 'யூசர்டேட்டா'விலும் எழுதிவைக்கும். நீக்குவதற்கு முன்பே அவற்றை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். உரிமம் திரும்பக் கிடைத்தாலும், அழிந்த சேவ் ஃபைலை யாராலும் தர முடியாது.

இனி மீட்பது. நீக்கிய கேம் லைப்ரரியில் இருக்காது, ஹிட்டன் பட்டியலிலும் இருக்காது. ஸ்டோர் பக்கத்துக்குப் போனால், நீங்கள் அதை வாங்கியதே இல்லை என்பதுபோல விலையோடு வாங்கும் பட்டன்தான் நிற்கும். அதை நம்பி இரண்டாம் முறை பணம் கட்டிவிடாதீர்கள். நீக்கிய அதே கணக்கில் லாகின் செய்து, ஸ்டீம் சப்போர்ட்டைத் திறந்து, தேடல் கட்டத்தில் கேமின் பெயரை எழுதுங்கள். அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்ததும் வரும் பிரச்சினைப் பட்டியலில், நிரந்தரமாக நீக்கியதை மீட்டுத் தரக் கேட்கும் வரி இருக்கும். அதை அழுத்தி உறுதி செய்தால் வேலை முடிந்தது. பேக்கேஜாகப் போனது பேக்கேஜாகவே திரும்பும். விளையாடிய நேரமும் அச்சீவ்மென்ட்களும் பொதுவாகப் பழையபடியே தெரியும். தேடும்போது பதிப்பில் கவனம் வேண்டும். 'ஸ்கைரிம்' என்று தேடினால் 2011-இல் வந்ததும் 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனும் தனித்தனிக் கேம்கள். தவறான பதிப்பைத் திறந்தால் மீட்கும் வரி வராது.

இலவச கேம் என்றால் இவ்வளவு சுற்ற வேண்டாம், ஸ்டோர் பக்கத்திலிருந்தே மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கமே ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டால் சேர்க்கும் பட்டனும் இருக்காது. குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் இலவசமாகத் தந்தபோது வாங்கிவைத்த கேம்களையும் நீக்கவே வேண்டாம். அவற்றுக்கு ஹைட் போதும்.

நோக்கம் நண்பர்கள் கண்ணில் படாமல் வைப்பதுதான் என்றால் ஹைட் உதவாது. அது உங்கள் லைப்ரரியில் மட்டுமே மறைக்கும். அதே 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் ஆஸ் பிரைவேட்' இருக்கிறது. அதைப் போட்டால் கேம் உங்களிடம் இருப்பதும், நீங்கள் விளையாடுவதும் மற்றவர்களுக்குத் தெரியாது. வேக் தடை (ஏமாற்றி விளையாடியதற்காக ஸ்டீம் போடும் தடை) வாங்கிய கேமை நீக்கினால் தடையும் போய்விடும் என்று சிலர் சொல்வது தவறு. கேம் போனாலும் தடை கணக்கிலேயே நிற்கும்.